‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எழுதப்படும் ஆன்டிபயாடிக்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். காய்ச்சல், சளி, இருமல், தொண்டை வலி என்று வருகிறவர்களை நாள் முழுவதும் பார்த்து அனுப்பும் பொது மருத்துவர்களையும் குழந்தைநல மருத்துவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மருத்துவ மாணவர்களுக்கு நோயெதிர்ப்பியல் கற்பிப்பது என் வேலை. நோயாளியை எதிரில் வைத்துக்கொண்டு சில நிமிடங்களில் முடிவெடுக்கும் பொறுப்பு உங்களுடையது. அந்தப் பொறுப்பின் பாரம் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இது வைரஸ் காய்ச்சல்தான் என்று உங்களுக்கே ஏறக்குறைய உறுதியான பிறகும், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஓர் ஆன்டிபயாடிக் சீட்டில் ஏறிவிடுகிறது. அதைத் தீங்கற்ற முன்னெச்சரிக்கையாகவே பலரும் நினைக்கிறீர்கள். அது நோயாளியின் நோயெதிர்ப்பு மண்டலத்தில் நேரடியாகக் கைவைக்கும் செயல் என்பதே நான் சொல்ல வந்தது. ஸ்டீராய்டு எழுதும்போது, இவருடைய எதிர்ப்புச் சக்தி என்ன ஆகும் என்று ஒரு கணம் நிறுத்தி யோசிக்கிறீர்கள். அந்த ஒரு கணத்தை ஆன்டிபயாடிக்குக்கும் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் ஆபத்தைப் பற்றி உங்களிடம் எல்லோரும் பேசிவிட்டார்கள். சுற்றறிக்கைக்கும் கருத்தரங்குக்கும் குறைவில்லை. அந்த ஆபத்து உண்மையானது. ஆனால் அது ஊருக்கு வரும் கேடு. ஊருக்காக இந்த ஒரு நோயாளிக்கு மருந்தை மறுப்பதா என்ற தயக்கம் இரக்கமுள்ள எந்த மருத்துவருக்கும் வரும். நான் பேசுவது வேறு கேட்டைப் பற்றி. தேவையில்லாத ஆன்டிபயாடிக்கால் முதலில் இழப்பவர், உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் அதே நோயாளிதான்.

குடலில் வாழும் பாக்டீரியாக்கள் மனித அணுக்களைப் போல் பத்து மடங்கு என்று நாம் படித்தோம். நானும் அப்படியே சொல்லிக்கொடுத்த காலம் உண்டு. 2016இல் வெளியான மறுகணக்கு, ஏறத்தாழ 30 லட்சம் கோடி மனித அணுக்களுக்கு 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் என்று அதைத் திருத்தியது. எடை போட்டால் கால் கிலோகூடத் தேறாது. எண்ணிக்கையை வைத்து வியக்க ஒன்றும் இல்லை. அவை என்ன செய்கின்றன என்பதுதான் வியப்பு.

கிருமியே படாமல், மூடிய கூண்டில், கிருமி நீக்கிய உணவும் நீரும் காற்றும் மட்டுமே கொடுத்து வளர்க்கப்படும் சுண்டெலிகளைப் பற்றி மாணவர்களுக்கு விரிவாகவே பாடம் எடுப்பேன். அப்படிப்பட்ட ஒன்றின் வயிற்றைத் திறந்தால், பெருங்குடலின் தொடக்கப் பை ஊதிப் பெருத்து பாதி வயிற்றை அடைத்துக்கொண்டு கிடக்கும். சிறுகுடலின் வெளிச்சுவரில், சாதாரண எலியில் வெண்புள்ளிகளாகத் துருத்தி நிற்கும், நோயெதிர்ப்பு அணுக்கள் கூடியிருக்கும் பேயர் திட்டுகள் சிறுத்து மங்கியிருக்கும். அதே திசுவை நுண்ணோக்கியில் வைத்தால், எதிர்ப்பொருள் சுரக்கும் அணுக்கள் குடல்சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே தெரியும். குடலைக் காக்கும் எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் ஏ மிகக் குறைவு. நோயெதிர்ப்பை நடத்தும் வெள்ளையணுக்களில் ஒருவகையான டி செல்களும் குறைவு. இத்தனைக்கும் அந்த எலியின் மரபணுவில் எந்தக் குறையும் கிடையாது. எலும்பு மஜ்ஜையிலும் கோளாறு இல்லை. நுண்ணுயிர்கள் உள்ளே வரவில்லை, அவ்வளவுதான். ஆகவே நோயெதிர்ப்பு மண்டலம் பிறப்பிலேயே முழுமையாக வந்துவிடும் உறுப்பு அல்ல. அதைக் கட்டி முடிப்பதில் வெளியிலிருந்து வந்து குடியேறும் உயிர்களுக்கும் பங்கு உண்டு.

அந்தக் கட்டுமானத்தில் எந்த நுண்ணுயிர் எந்த வேலையைச் செய்கிறது என்பதும் ஓரளவு தெளிவாகிவிட்டது. சுண்டெலியின் சிறுகுடல் கடைப்பகுதியில் சுவரோடு ஒட்டி வாழும் இழை போன்ற ஒரு பாக்டீரியா இருக்கிறது. அது ஒன்று வந்து சேர்ந்தாலே, கிருமிகளையும் பூஞ்சைகளையும் எதிர்த்து நிற்கும் டிஎச்17 என்ற வகை டி செல்கள் அங்கே பெருகுகின்றன என்று 2009இல் அமெரிக்க ஆய்வாளர் டான் லிட்மன் குழுவினர் காட்டினார்கள். ஜப்பானின் கென்யா ஹோண்டா குழுவினர் 2011இலும் 2013இலும் இதற்கு நேரெதிரான பக்கத்தைக் காட்டினார்கள். குளோஸ்ட்ரிடியா வகுப்பைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள், சண்டையை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருகச் செய்கின்றன. மனித மலத்திலிருந்து பிரித்தெடுத்த 17 திரிபுகளை எலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் குடல் அழற்சி தணிந்தது. எதிர்க்கவும் பொறுத்துப்போகவும் உடல் ஒரே இடத்தில் கற்கிறது. சீட்டில் எழுதும் மாத்திரைக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

மாணவர்கள் அதிகம் கேள்வி கேட்பது பியூட்டிரேட்டைப் பற்றி. உங்களிடமும் அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன். ஆன்டிபயாடிக் எடுத்தவருக்கு வயிறு கெட்டது என்றால் ‘அப்படித்தான் இருக்கும், சரியாகிவிடும்’ என்று நாம் கடந்துவிடும் இடத்தில் நடப்பது இதுதான்.

நாம் உண்ணும் நார்ச்சத்தைச் செரிக்க நம்மிடம் நொதிகள் இல்லை. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்துச் சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் ஒன்று பியூட்டிரேட். பெருங்குடலின் உள்சுவர் அணுக்களுக்கு முதன்மை எரிபொருளே அதுதான். அதை எரிக்கும்போது அந்த அணுக்கள் தங்களிடம் வரும் ஆக்சிஜனைப் பெரும்பாலும் பயன்படுத்தித் தீர்த்துவிடுகின்றன; குடலின் உட்பகுதிக்கு ஆக்சிஜன் கசிவது மிகக் குறைவு. ஆக்சிஜன் பட்டாலே மடியும் நல்ல பாக்டீரியாக்கள் அதனால்தான் அங்கே வாழ முடிகிறது. ஆன்டிபயாடிக் உள்ளே போய் பியூட்டிரேட் உண்டாக்கும் இனங்களை அழித்ததும் இந்தச் சுழற்சி அறுந்துபோகிறது. எரிபொருள் கிடைக்காத சுவரணுக்கள் ஆக்சிஜன் தேவைப்படாத வேறு வழியில் சர்க்கரையை எரிக்கத் தொடங்குகின்றன. மிஞ்சும் ஆக்சிஜன் உள்ளே கசிகிறது. ஆக்சிஜனைச் சுவாசிக்கத் தெரிந்த சால்மொனெல்லாவும் ஈ. கோலி போன்றவையும் அதை வைத்துக் கொழிக்கின்றன. அமெரிக்காவில் ஆய்வு செய்யும் ஆண்ட்ரியாஸ் பாய்ம்லர் குழுவினர் எலிகளில் இதைப் படிப்படியாக நிறுவியிருக்கிறார்கள்.

பியூட்டிரேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருங்குடலில் உருவாக அதுவும் அதையொத்த சிறிய கொழுப்பு அமிலங்களும் நேரடியாக உதவுகின்றன என்பதை 2013இல் மூன்று குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. ஆக, பியூட்டிரேட் வற்றும்போது ஒரே நேரத்தில் குடல்சுவர் பட்டினி கிடக்கிறது, தீய பாக்டீரியாவுக்கு வாசல் திறக்கிறது, அழற்சியை அடக்கும் அணுக்களும் குறைகின்றன.

குடலின் காவல் ஏற்பாடு இத்தோடு நிற்கவில்லை. பெருங்குடலில் சளிப்படலம் இரண்டு அடுக்காக இருக்கிறது. சுவரை ஒட்டிய உள்ளடுக்கில் பாக்டீரியா நுழைவதே அரிது. சிறுகுடலில் பேனெத் அணுக்கள் கிருமிக்கொல்லிப் புரதங்களைச் சுரக்கின்றன. உடல் நாள்தோறும் கிராம் கணக்கில் இம்யூனோகுளோபுலின் ஏயைக் குடலுக்குள் அனுப்புகிறது. மற்ற எதிர்ப்பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த அளவு வராது. கொல்வது அதன் முதன்மை வேலை இல்லை. பாக்டீரியாக்களைப் போர்த்தி, சுவரிலிருந்து தள்ளி, அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கவைக்கிறது. நார்ச்சத்து இல்லாத உணவை மட்டுமே எலிகளுக்குக் கொடுத்த ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. பட்டினி கிடந்த பாக்டீரியாக்கள் சளிப்படலத்தையே தின்று மெலியவைத்தன. அதன்பின் வந்த நோய்க்கிருமி எளிதாகச் சுவரைத் தாக்கியது. நோயாளியிடம் உணவைப் பற்றி நீங்கள் பேசும் இரண்டு வாக்கியமும் நோயெதிர்ப்பு மருத்துவம்தான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இவையெல்லாம் எலிகள், மனிதர்கள் எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு தொடங்கும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்கும். நிறுத்தினால் சிலருக்கு மீண்டும் வரும். 1958இல் அமெரிக்க அறுவை மருத்துவர் பென் ஐஸ்மனும் அவருடைய சகாக்களும், ஆன்டிபயாடிக்குக்குப் பின் கடுமையான குடல் அழற்சியில் விழுந்த நான்கு நோயாளிகளுக்கு ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் குடலில் செலுத்திக் குணப்படுத்தியதாக எழுதினார்கள். பல காலம் அது ஒரு விநோதச் செய்தியாகவே கிடந்தது. 2013இல் நெதர்லாந்தில் முறையான சோதனை வந்தது. மீண்டும் மீண்டும் இந்நோய் வந்தவர்களில், கொடையாளரின் மலம் செலுத்தப்பட்ட 16 பேரில் 13 பேருக்கு முதல் முறையிலேயே குணம் கண்டது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேருக்குத்தான். வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இழந்த உயிர்க்கூட்டத்தைத் திருப்பித் தந்ததும் நோய் விலகியது என்றால், அந்த உயிர்க்கூட்டம் அதுவரை என்ன காவல் செய்துகொண்டிருந்தது என்று எண்ணிப்பாருங்கள். இந்தச் சிகிச்சை ஆபத்தில்லாதது அல்ல. 2019இல் ஒரே கொடையாளரிடமிருந்து பெற்றதன் வழியாக, மருந்துக்கு அடங்காத ஈ. கோலி இரண்டு நோயாளிகளின் ரத்தத்தில் பரவி ஒருவர் இறந்தார். இழந்ததைத் திருப்பித் தருவது இவ்வளவு கடினமென்றால், இழக்காமல் காப்பது எவ்வளவு மேல்!

நலமாக இருக்கும் ஒருவருக்கு என்ன ஆகும்? 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு மிக வலுவான மூன்று ஆன்டிபயாடிக்குகளை 4 நாட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை மாதத்தில் குடல் உயிர்கள் பெருமளவு பழைய நிலைக்குத் திரும்பின. இது ஆறுதலான செய்தி. ஆனால் முன்பு எல்லோரிடமும் இருந்த 9 இனங்கள், 180 நாட்களுக்குப் பிறகும் பெரும்பாலோரிடம் தென்படவில்லை. நீங்கள் வழக்கமாக எழுதும் மருந்துகள் அவ்வளவு கடுமையானவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் நோயாளிகள் எடுப்பதும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை அல்லவே.

தடுப்பூசியைப் பற்றிய செய்தி எனக்கே புதிதாக இருந்தது. 2019இல் ஃப்ளூ தடுப்பூசி போடும் காலத்தில் ஆரோக்கியமான சிலருக்கு ஆன்டிபயாடிக் கூட்டுமருந்து கொடுத்துப் பார்த்தார்கள். குடல் பாக்டீரியா பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. முன்பே எதிர்ப்பொருள் நிறைய இருந்தவர்களிடம் பெரிய வேறுபாடு இல்லை. முன்னனுபவம் குறைவாக இருந்தவர்களிடம் ஒரு வைரஸ் வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டுப்பட்டது. முன்னனுபவமே இல்லாதவர்கள் யார்? கைக்குழந்தைகள். இந்த ஆய்வு பெரியவர்களிடம் நடந்தது. கைக்குழந்தைக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் யோசிக்கவைக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில்தான் என் கவலை மிகுதி. தாய்ப்பாலின் திடப்பொருள்களில், பால்சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்து அதிகமாக இருப்பவை, குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள். அவை குழந்தைக்கான உணவு இல்லை. குழந்தையின் குடலில் குடியேற வேண்டிய பிஃபிடோபாக்டீரியாவுக்கான உணவு. தாயின் உடல் தன் சத்தைச் செலவழித்து அந்தப் பாக்டீரியாவை ஊட்டி வளர்க்கிறது. அதை மூன்று நாள் சளிக்காக நாம் கலைக்கலாமா?

நுண்ணுயிர்கள் குடியேறுவதற்கு ஒரு கெடு இருக்கிறது என்பதுதான் முக்கியம். கிருமியற்ற எலிகளில், நுரையீரலிலும் குடலிலும் ஒருவகை டி செல்கள் மிகையாகக் குவிந்து, ஆஸ்துமாவுக்கும் குடல் அழற்சிக்கும் இடம் கொடுக்கின்றன. பிறந்தவுடன் நுண்ணுயிர்களைக் கொடுத்தால் அது சரியாகிவிடுகிறது. வளர்ந்த பிறகு கொடுத்தால் சரியாவதில்லை. 2012இல் வந்த இந்த முடிவு குழந்தைநல மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மனிதர்களில், கனடாவில் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட குழந்தைகளிடையே, ஆஸ்துமாவுக்கு வாய்ப்பு மிக்கவர்களின் மூன்றாம் மாத மலத்தில் நான்கு பாக்டீரியா பேரினங்கள் குறைந்திருந்தன. ஒரு வயதில் அந்த வேறுபாடு மங்கிவிட்டது. அதே நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2000க்கும் 2014க்கும் இடையே கைக்குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது வெகுவாகக் குறைந்தது. அதே காலத்தில் சிறு குழந்தைகளிடையே புதிதாக ஆஸ்துமா வருவது 26 சதவீதம் குறைந்தது.

இதை முடிந்த தீர்ப்பாக நீட்டினால் அது நேர்மையாகாது. மூச்சுக்குழாய் தொல்லை அடிக்கடி வரும் குழந்தைக்குத்தான் ஆன்டிபயாடிக்கும் அடிக்கடி எழுதப்படுகிறது. பின்னால் ஆஸ்துமா என்று பெயர் பெறுவதும் அதே குழந்தைதான். 2014இல் சுவீடனில் உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்தத் தொடர்பு பெருமளவு மங்கிப்போனது. நாள்பட்ட குடல் அழற்சியான குரோன் நோயிலும் இதே சிக்கல்: ஃபீகாலிபாக்டீரியம் என்ற நல்ல பாக்டீரியா அந்நோயாளிகளிடம் குறைகிறது என்பது உறுதி, அது காரணமா, நோயின் விளைவா என்பதில் வாதம் தொடர்கிறது. ஆனால் ஆன்டிபயாடிக்கால் எந்த நன்மையும் இல்லாத ஒரு வைரஸ் சளியில், தீங்கு ஐயத்துக்குரியது என்பதே கைநிறுத்தப் போதுமான காரணம் என்று கருதுகிறேன். தராசின் ஒரு தட்டில் ஒன்றுமே இல்லை.

புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்புமுன் நீங்கள் எழுதும் மருந்தும் இதில் வருகிறது. நோயெதிர்ப்பு அணுக்களை முடுக்கிவிடும் இம்யூனோதெரபி பெற்றவர்களில், அதைத் தொடங்கும் தறுவாயில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது என்று 2018இல் தெரிந்தது. 2021இல், அந்தச் சிகிச்சையில் பலன் காணாத மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகளுக்கு, பலன் பெற்றவர்களின் மலத்தைச் செலுத்தி மருந்தை மீண்டும் கொடுத்தார்கள். ஒரு சோதனையில் 10 பேரில் 3 பேருக்கும், இன்னொன்றில் 15 பேரில் 6 பேருக்கும் பலன் தெரிந்தது. சிறிய சோதனைகள்தான். ஆனாலும் தோலில் வந்த கட்டியின் போக்கைக் குடலில் இருப்பவை மாற்றுகின்றன என்பது சாதாரண விஷயம் அல்ல.

இனி அந்த இரண்டாவது மாத்திரை. சீட்டில் ஆன்டிபயாடிக்குக்குக் கீழே, நல்ல பாக்டீரியாக்களை அடக்கிய புரோபயாடிக் ஒன்று தானாகவே வந்துவிடுகிறது, ஒன்று கெடுத்ததை மற்றொன்று சரிக்கட்டிவிடும் என்பதுபோல. வயிற்றுப்போக்கை அது சிலருக்குக் குறைக்கிறது. அதற்குச் சான்று உண்டு. ஆனால் இழந்த உயிர்க்கூட்டத்தை அது திருப்பித் தருவதில்லை. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த குழுவினர், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களின் சொந்தக் குடல் உயிர்கள் திரும்பிவரக் கூடுதல் காலம் பிடித்ததைக் கண்டார்கள். எதுவுமே எடுக்காதவர்கள் அவர்களைவிட விரைவில் மீண்டார்கள். குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பதில் உயிராபத்து இருக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரித்தது. தயவுசெய்து அதை மன நிம்மதிக்காக எழுதாதீர்கள். மலத்தைச் சோதித்து ‘உங்கள் எதிர்ப்புச் சக்தி இவ்வளவு’ என்று மதிப்பெண் தரும் பரிசோதனைகளையும் நம்பி அனுப்பாதீர்கள். எது ஆரோக்கியமான குடல் என்பதற்கு ஒரே அளவுகோல் இன்னும் கிடையாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் நச்சு பரவியவருக்கும், பாக்டீரியா மூளைக்காய்ச்சலுக்கும், நிமோனியாவுக்கும் ஆன்டிபயாடிக் உயிர்காக்கும் மருந்து. பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் காத்திருக்கவே கூடாது. அங்கே குடல் பாக்டீரியாவைப் பற்றி யோசித்து ஒரு மணி நேரம் தாமதிப்பதும் தவறு. இந்த மடலைக் காட்டி எந்த நோயாளியாவது தேவையான மருந்தை மறுத்தால் அது என் நோக்கத்துக்கே எதிரானது.

மற்ற நேரங்களில் என்ன செய்யலாம்? இருமலோடு வருபவரிடம் அது எத்தனை நாள் நீடிக்கும் என்று சொல்லிவிடுங்கள். சாதாரண மூச்சுக்குழல் அழற்சியின் இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கிறது. மக்கள் எதிர்பார்ப்பதோ ஒரு வாரத்துக்குச் சற்று மேல். ஒன்பதாம் நாள் அவர் கோபத்தோடு திரும்பி வருவதும், நீங்கள் வலுவான மருந்துக்கு மாறுவதும் இந்த இடைவெளியில்தான். ஐயமாக இருந்தால் சீட்டை எழுதிக் கொடுத்து, இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் மட்டும் வாங்குங்கள் என்று சொல்லலாம். அப்படிச் செய்த சோதனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் கடைசியில் மருந்தை வாங்கினார்கள். நோயாளிகளின் திருப்தியும் பெரிதாகக் குறையவில்லை. எழுதியே ஆக வேண்டுமென்றால், அந்தக் கிருமிக்குப் போதுமான குறுகிய வீச்சுள்ள மருந்தைக் குறைந்த நாளுக்கு எழுதுங்கள். எதற்காக என்பதை ஒரு வரியில் குறித்துவையுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் சீட்டில் அந்த ஒரு வரி இல்லாமல் ஆன்டிபயாடிக் இருக்கவே கூடாது என்று உங்கள் சங்கங்கள் விதி செய்துகொள்ள வேண்டும்.

நாங்கள் வகுப்பில் எவ்வளவு சொன்னாலும், மாணவர்கள் பயிற்சிக்கு வந்து உங்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பதைத்தான் வாழ்நாள் முழுவதும் செய்வார்கள். அடுத்த முறை ஆன்டிபயாடிக் எழுதாமல் ஒருவரை அனுப்பும்போது, ஏன் எழுதவில்லை என்பதைப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பயிற்சி மருத்துவரிடம் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
நோயெதிர்ப்பியல் ஆசிரியர் ஒருவர்